விழிப்புணர்வு இல்லை என்று கண்டறியப்பட்டது

தருமபுரி மாவட்டத்தில் மழை பொய்க்கும். மாம்பூ கருகும். பாலக்கோடு சந்தையில் தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே அழுகும். எந்த வருஷமும் பொய்க்காத வெள்ளாமை ஒன்றுதான்: பொது சுகாதாரத்தில் முனைவர் பட்டம். விதைக்க வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். ரத்தசோகை, இளவயதுக் கல்யாணம், பல்லில் ஃப்ளோரைடு கறை, எடை குறைந்து பிறக்கும் பிள்ளை எல்லாம் தானாகவே விளைந்து கிடக்கின்றன. அரிவாளோடு வந்தால் போதும்.

அப்படி வருகிறவர்கள் வழி தெரியாமல் தடுமாறக் கூடாது. காலாகாலத்தில் முடித்து, பெயருக்கு முன்னால் பட்டம் போட்டு, வாசலில் புதுப் பலகை மாட்ட வேண்டும். அவர்கள் நலன் கருதிச் சில ஆலோசனைகள்.

முதலில் தலைப்பு. இதற்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. அச்சு தயாராக இருக்கிறது. ‘தருமபுரி மாவட்டத்தில் இன்னாரிடையே இன்னது குறித்த விழிப்புணர்வு: ஓர் ஆய்வு.’ இன்னார் என்ற இடத்தில் கர்ப்பிணிகள், வளரிளம் பெண்கள், மலைவாழ் மக்கள், முதியோர் ஆகிய நால்வரில் ஒருவரை உட்கார வையுங்கள். இன்னது என்ற இடத்தில் ரத்தசோகை, சர்க்கரை நோய், தாய்ப்பால், கைகழுவுதல் இந்த நான்கில் ஒன்று. நாலு நாலு பதினாறு. தருமபுரி, நல்லம்பள்ளி, காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று மாவட்டத்தில் வட்டங்கள் ஏழு. ஆக 112 ஆய்வேடுகள். ஒரு பல்கலைக்கழகத்தின் பத்து வருஷப் பசிக்குக் காணும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கை தவறி ‘சுகாதாரத் துறை உயர் அலுவலர்களிடையே காலிப் பணியிடங்கள் குறித்த விழிப்புணர்வு’ என்று எழுதிவிடாதீர்கள். நெறியாளருக்கு ரத்த அழுத்தம் ஏறும். “ஏம்ப்பா, உனக்குப் பட்டம் வேணுமா, வம்பு வேணுமா?” என்பார். நல்ல மனிதர். அவரும் இதே அச்சில் வார்க்கப்பட்டவர்தான். வம்பே இல்லாத ஆராய்ச்சியைத் தேடித்தான் அவர் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்தது முந்தைய ஆய்வுகளின் மீளாய்வு. 1978 செப்டம்பரில் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, 2000-க்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்ததிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 2000 வந்ததே, போனதே, அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அங்கிருந்து நேராக மற்ற மாவட்டங்களில் நடந்த இதே போன்ற ஆய்வுகளுக்குத் தாவுங்கள். அவர்கள் வாக்கியத்தை எடுத்து வினைச்சொல்லை மட்டும் மாற்றுங்கள். 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிப்படி பத்து விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை கிடையாது. வாக்கியம் ஒத்துப்போவதைத்தான் மென்பொருள் பிடிக்கும். யோசனை முழுக்க நூறு விழுக்காடு ஒத்துப்போனால் அதைப் பிடிக்க இன்னும் எந்த மென்பொருளும் வரவில்லை.

பிறகு களப்பணி. இதுதான் சுலபமான பகுதி, ஏனென்றால் இதை நீங்கள் செய்யப்போவதில்லை. மேலிடத்தில் ஓர் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அது வட்டார மருத்துவ அலுவலரிடம் போகும். அவர் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போடுவார்: “மேடம் ஒருத்தங்க வராங்க, கோஆபரேட் பண்ணுங்க.” முடிந்தது. விதிப்படி சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலையில் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். அதைத் தாங்குகிறவர் அந்த ஒரு பெண். கர்ப்பிணியைப் பதிவது, அந்தப் பதிவுக்கு ‘பிக்மி’ எண் போடுவது, எடை பார்ப்பது, தடுப்பூசி, பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டுச் சந்திப்பு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு சரிபார்ப்பது, அத்தனையையும் முதலில் நோட்டிலும் பிறகு சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று செல்போனிலும் ஏற்றுவது. இவ்வளவுக்கும் நடுவில் உங்களுக்காக முப்பது கர்ப்பிணிகளை அங்கன்வாடியில் உட்கார வைத்துத் தருவார். உங்கள் வினாப்படிவம் அவர்களுக்குப் புரியாதபோது புரிகிற மாதிரி மாற்றிக் கேட்பதும் அவரே. பென்னாகரம் பக்கமாக இருந்தால் கன்னடத்திலும் கேட்பார். நன்றியுரையில் அவருக்கு இடம் ஒதுக்க மறக்காதீர்கள்: கடவுள், நெறியாளர், துணைவர், துணை இயக்குநர், தட்டச்சர் எல்லாருக்கும் பிறகு, ‘மற்றும் களப்பணியாளர்கள்’.

இப்போது பேட்டி. அதை எப்படி நடத்துவது என்பதற்கு ஒரு மாதிரி:

“இரும்புச்சத்து உள்ள உணவுகள் எவை என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுங்க. முருங்கக்கீர, கேவுரு, ஈரல், பேரீச்சம்பழம். நர்சம்மா சொல்லிக்கிறாங்க.”

“அவற்றைத் தினமும் சாப்பிடுகிறீர்களா?”

“ஈரல் தினமும் யாருங்க போடுவா? வூட்டுக்காரரு பெங்களூருல சென்ட்ரிங் வேல. பணம் அனுப்புற மாசம் வாங்குவோம்.”

இந்தப் பதிலால் குழம்ப வேண்டாம். படிவத்தில் அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று மூன்று பத்தி இருக்கிறது. அறிவுக்கு ஒரு டிக். நடைமுறைக்கு ஒரு பெருக்கல் குறி. முடிவு: ‘அறிவு இருந்தும் நடைமுறை இல்லை, ஆகவே மனப்பான்மையில் மாற்றம் தேவை.’ காசில்லை என்பதற்குக் கட்டம் கிடையாது. கட்டத்தில் இல்லாத எதுவும் தருமபுரியில் நடப்பதில்லை.

புள்ளிவிவரத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கூலி கொடுத்தால் அதை ஓட்டித்தர சேலத்தில் ஆள் இருக்கிறது. படித்த பெண்களுக்கு விழிப்புணர்வு அதிகம், படிக்காதவர்களுக்குக் குறைவு. பி மதிப்பு 0.05-க்குக் கீழே. இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருஷம். ஊர்த் திண்ணையில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் திண்ணைக்கு மேற்கோள் எண் கிடையாது.

கட்டுரை வெளியிடுவதிலும் சிரமமில்லை. மானியக் குழுவின் 2016 விதிமுறைப்படி ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்றிருந்தது. வேண்டும் என்றதும் விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. யோசித்துப் பாருங்கள்: அதற்கு முந்தைய நாள் வரை அந்த நாலாயிரத்துச் சொச்சமும் அரசாங்க முத்திரை பெற்ற அறிவு. 2022-ல் கட்டுரைக் கட்டாயமே எடுக்கப்பட்டது. கடையை மூட முடியாவிட்டால் வாடிக்கையாளரையாவது விடுவிப்போம் என்ற பெருந்தன்மை.

கடைசி அத்தியாயம் பரிந்துரைகள். இதை முதல் நாளே எழுதிவிடலாம். ‘கிராமப்புற மக்களிடையே விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்பட வேண்டும்.’ முற்றுப்புள்ளி. வைவா. சால்வை. பிரியாணி. வாழ்த்துகள், முனைவரே!

ஆலோசனை இத்தோடு முடிந்தது. இனி கொஞ்சம் கணக்கு தீர்க்க வேண்டும்.

விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று வருஷக்கணக்காக இந்த மாவட்டத்தின் நெற்றியில் எழுதுகிறீர்களே, யாருக்கு இல்லை?

தருமபுரியின் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் ஃப்ளோரைடு அளவுக்கு மேல் இருப்பது நேற்று தெரிந்த சேதி அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோய் இருப்பதை ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1937-லேயே எழுதிவைத்தார்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்காதே என்கிறது இந்தியத் தர அளவு. சரி, குடிக்கவில்லை. வேறு எதைக் குடிப்பது? ஊரில் இருந்தது அந்த ஒரு கைப்பம்பு. ஃப்ளோரைடு கெடுதல் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டால் குடத்திலிருக்கும் ஃப்ளோரைடு குறைந்துவிடுமா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008-ல்; ஜப்பான் கடனோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம் திறக்கப்பட்டது 2013 மே மாதம். ஷார்ட் எழுதி 76 வருஷம். இந்த இடைவெளியில் பல் கறுத்து, முட்டி வளைந்து, முதுகு நிமிராமல் போனவர்களிடம் எத்தனை வினாப்படிவங்கள் நீட்டப்பட்டன! நோய் அவர்களுக்கு, விழிப்புணர்வுக் குறைபாடும் அவர்களுக்கே. மெத்தனம் என்ற நோய் யாருக்கு இருந்தது என்று ஆராய ஒரு மாணவருக்காவது தலைப்பு கொடுத்தீர்களா?

2014 நவம்பர். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. தொலைக்காட்சி வந்தது, கட்சிகள் வந்தன, நிபுணர் குழு வந்தது. எடை குறைவாகப் பிறந்தவை, அதனால் பிழைக்கவில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. மருத்துவப்படி மறுக்க முடியாத விளக்கம். ஆனால் பொது சுகாதாரம் என்ற படிப்பு ஆரம்பிப்பதே அதற்கு அடுத்த கேள்வியில். ஏன் எடை குறைந்தது? தாய் நோஞ்சான். ஏன்? பள்ளிக்கூட வயதில் கல்யாணம், ஆறாம் மாதத்திலும் கூலி வேலை, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள். ஏன் பள்ளியை விட்டாள்? மேல்வகுப்பு தூரம், பஸ் இல்லை. ஏன் தாமதமாக வந்து சேர்ந்தாள்? ஓர் ஆஸ்பத்திரி அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கிருந்து இங்கே. ஒவ்வொரு ஏனும் ஏதாவது ஓர் அலுவலகத்தின் கதவில் போய் நிற்கும். அந்தக் கதவைத் தட்டாமல் திரும்பி வருவதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட சொல்தான் விழிப்புணர்வு. அதைச் சொல்லிவிட்டால் விசாரணை தாயோடு முடிந்துவிடும். செத்தது அவள் பிள்ளை, குற்றவாளியும் அவளே.

பெண் குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். பெண் சிசுக்கொலைக்குப் பதிலாக 1992-ல் சேலத்தில் தொட்டில் வைத்தது அரசு. 2001-ல் அந்தத் தொட்டில் தருமபுரிக்கும் வந்தது. அதே 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826. 2011-ல் 913. ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கருவில் என்ன என்று பார்த்துச் சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994-லேயே வந்தும், கையடக்க ஸ்கேன் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் கடை போடும் கும்பல் இதே மாவட்டத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. முனைவர்களே, விழிப்புணர்வு மிகுந்த ஒரு பிரிவினர் உங்களுக்கு வேண்டுமா? இதோ இருக்கிறார்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தரகர், எந்த ஊரில் எந்த வீடு, எல்லாம் அத்துப்படி. இவர்களிடம் வினாப்படிவத்தோடு போக ஒருவருக்கும் கால் வரவில்லை. கர்ப்பிணிப் பெண்ணிடம் போவதற்கு மட்டும் கார் வருகிறது.

கார் போகாத ஊர்களும் உண்டு. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறிப் போனதை நாடே படத்தில் பார்த்து ரசித்தது. ஜனநாயகத்தின் வெற்றி என்றார்கள். வெற்றிதான், கழுதையின் வெற்றி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டு வாங்க மலையேற ஏற்பாடு செய்ய முடிந்த அரசுக்கு, பிரசவ வலி எடுத்தவளை இறக்க அதே ஏற்பாட்டைச் செய்யத் தோன்றவில்லை. மலையூர்களில் நோயாளி இறங்குவது நாலு பேர் தோளில், தூளி கட்டி. ‘மலைவாழ் மக்களிடையே மருத்துவமனைப் பிரசவம் குறித்த விழிப்புணர்வு’ என்று தலைப்பு வைத்தவர் அந்தத் தூளியின் ஒரு முனையை ஒரு கிலோமீட்டர் பிடித்துப் பார்க்கட்டும். பரிந்துரை அத்தியாயம் தானாக மாறும்.

ஆராய்ச்சியே வீண் என்று சொல்லவில்லை. இந்த மண்ணில் உருப்படியான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997-ல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் தமிழ்நாட்டுப் பெண் சிசுக்கொலை பற்றி எழுதினார்கள். அவர்கள் ஆதாரம் எது தெரியுமா? ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகள். நன்றியுரையின் கடைசி வரியில் நீங்கள் தள்ளிவிடும் அதே செவிலியர்கள் எழுதிவைத்த சாவுக் கணக்கு. பிறந்த சில நாளில் பெண் குழந்தைகள் மட்டும் கூடுதலாக இறப்பது எந்தெந்தப் பகுதியில் என்பதை அந்த நோட்டுகளைக் கூட்டிப் பார்த்தே காட்டினார்கள். தருமபுரியும் அதில் இருந்தது. பிறகு தொண்ணூறுகளின் கடைசியில் தருமபுரிக் கிராமங்களில் பெண் சிசுக்கொலைக்கு எதிரான கலைப்பயணம் நடந்தது. கணக்கு முதலில் அரசின் முகத்துக்கு நேராகக் காட்டப்பட்டது, அப்புறம்தான் பாட்டும் கூத்தும் மக்களிடம் போயின. அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, கணக்கைத் தூக்கிப் பரணில் போட்டு, முகாமை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 ஒரு வயது காணாமல் இறந்தன. எண்ணியவர்கள் எண்ணிவிட்டுப் பஸ் ஏறவில்லை. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் வேலை கற்றுக்கொடுத்தார்கள். சோறு சரியில்லாமல் உடம்பு தேறாது என்று கண்டதும் சாமை, கேழ்வரகு, இயற்கை வேளாண்மை, உழவர் சங்கம் என்று வயலுக்குள் இறங்கினார்கள். அந்த 147 பிறகு இருபது அளவுக்கு இறங்கியது. கேள்வி, முறை, கண்டுபிடிப்பு, சரிபார்ப்பு, விளைவு எல்லாம் உள்ள ஆய்வு இது. இதற்குப் பட்டம் இல்லை. பட்டம் வாங்கியவர்களிடம் இந்த இறக்கம் இல்லை.

இன்னோர் உதாரணம் கடலுக்கு அப்பால்: வேல்ஸ் நாட்டில் கிளின்கோருக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற ஊர் வைத்தியர் இருந்தார். எங்கே வைத்தியம் அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். தன் ஊர்க்காரர்களின் ரத்த அழுத்தத்தை ஒருவர் விடாமல் பார்த்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, அந்த ஆதாரத்தோடு நின்று பேசியவர். அவருடைய ஆய்வுக்கூடம் அவருடைய கிளினிக்தான். நம் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கு ஏன் அது முடியாது? காலையில் வெளிநோயாளி வரிசை, மதியம் ஆய்வுக் கூட்டம், மாலையில் காணொலிக் கூட்டம், ராத்திரி நாளைய கூட்டத்துக்கு அறிக்கை. மூச்சுவிட நேரமில்லாதவரிடம் அறிவு இருக்கிறது. நேரமிருப்பவரிடம் பட்டம் இருக்கிறது.

இந்தக் கோபம் ஆய்வு மாணவர்கள் மேல் இல்லை. உதவித்தொகை இல்லாமல், நெறியாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி விசாரித்து, கையெழுத்துக்காக வராந்தாவில் காய்கிற பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பலர் இதே தருமபுரியில் ரத்தசோகைத் தாய்க்குப் பிறந்தவர்கள். அந்தத் தாயைப் பற்றி அவள் படிக்க முடியாத மொழியில், அவளையே குற்றம் சாட்டி எழுதச் சொல்லி, எழுதினால்தான் வேலை என்று பயமுறுத்துகிறதே ஓர் ஏற்பாடு, கோபம் அதன் மேல்.

ஆய்வின் பலன் ஆய்வுக்கு உட்பட்ட மக்களைச் சேர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. ஏட்டில் இருப்பதைக் காட்டில் செய்வோம். பொது சுகாதார ஆய்வேடு ஒவ்வொன்றின் கடைசி அத்தியாயத்திலும் ‘வேண்டும்’ என்று முடிகிற வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம் என்று விதி போடுங்கள். யார் செய்ய வேண்டும், எந்தப் பதவி, எந்த நிதி, எந்தத் தேதிக்குள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்’ என்று எழுதினால் ஆய்வேடு திருப்பி அனுப்பப்படும். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. வைவாவை அதில் ஒன்றில் வையுங்கள், தமிழில். புறத்தேர்வாளர் நாற்காலியில் அந்தக் கிராம சுகாதார செவிலியரை உட்கார வையுங்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “எங்க ஊர்ல முன்னூறு பேரைக் கேட்டீங்களே, அதுக்கப்புறம் எந்த ஆபீசர்கிட்ட போய் என்ன கேட்டீங்க?”

பதில் சொல்கிறவருக்கு எழுந்து நின்று பட்டம் கொடுப்போம். பதில் இல்லாதவர் முன்னூறு பேரிடமும் வாங்கிய நேரத்துக்கு அன்றைய கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அவர்கள் அன்று தக்காளி பறிக்கப் போயிருந்தால் அதாவது கிடைத்திருக்கும்.